சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே கேமராவை நம்பிப் பிழைக்க முடியுமா?

மங்கு_லென்ஸ்
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன் நான். ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலை. ஓய்வு நாளெல்லாம் கேமராவோடுதான் கழிகிறது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்விடுவேன். எடுத்த கல்யாணங்களில் பாதிக்குக் காசே கிடையாது. மீதிக்கு, "பெட்ரோலுக்கு வைச்சுக்கோய்யா" என்று சட்டைப் பையில் திணித்த கவர்.

கையில் இருப்பது செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி750, ஒரு 24-120 லென்ஸ், ஒரு 50 எம்.எம். 1.8 லென்ஸ். ஒரு ஃபிளாஷ்.

இப்போது தெரியாத ஆட்களே ஃபோன் போட்டு விலை கேட்கிறார்கள். அதனால்தான் யோசனை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? இறங்கினால் இங்கேயே இருக்கலாமா, இல்லை கோலாலம்பூருக்குப் போனால்தான் சோறா? அப்புறம் முக்கியமான கேள்வி, சொந்தக்காரர்களிடம் எப்படிக் காசு கேட்பது? அம்மா முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். மாதச் சம்பளத்தை விடுகிறேன் என்று சொன்னாலே பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) பிந்தியவனைப் பார்க்கிற மண்டோர், அதாவது கங்காணி மாதிரி பார்க்கிறார்.

லிந்தாங்_ரோடு
டேய், என் தங்கச்சி கல்யாணம் தையில். நீதான் படம். காசு கீசு பேசினால் சிநேகிதம் முறியும், சொல்லிவிட்டேன்.

கிள்ளான்_அக்கா
மேலே அந்தத் தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் உங்கள் மூன்றாவது கேள்விதான் முதல் கேள்வி. மற்ற இரண்டும் அதற்குப் பின்னால்தான்.

நான் கிள்ளானில் முழுநேரம் கல்யாணப் படம் எடுக்கிறேன். புதிதாக வருகிற தம்பி தங்கச்சிகள் 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொள்வதை வாரா வாரம் பார்க்கிறேன். 800 பெரிய காசு மாதிரி தெரியும். பிரித்துப் பாருங்கள். துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அவருக்கு 250. ஆல்பம் அச்சடிக்க 300. பெட்ரோல், டோல், சாப்பாடு 60. மிச்சம் 190 வெள்ளி.

சரி, அந்த 190-க்கு எவ்வளவு உழைப்பு? முகூர்த்தம் ஏழரை மணி என்றால் மேக்கப் போடுகிற பெண் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் பெண் வீட்டில் நிற்க வேண்டும், அதாவது காலை நாலரை. தாலி கட்டி, பால் பழம் கொடுத்து, குடும்பப் படம் எல்லாம் முடிய மதியம் தாண்டிவிடும். பன்னிரண்டு மணி நேரம் என்று வையுங்கள். அப்புறம் இரண்டாயிரம் மூவாயிரம் படத்தில் நல்லதைப் பொறுக்கி, நிறம் சரிசெய்து, ஆல்பம் வடிவமைத்து, "மாமா கண்ணை மூடியிருக்கிறார், வேறு படம் போடு" என்ற திருத்தம் வரை இன்னொரு இருபத்தெட்டு மணி நேரம் ஓடும். மொத்தம் நாற்பது. ஒரு மணிக்கு 4 வெள்ளி 75 காசு. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி, மணிக் கணக்கில் 8.72. பெட்ரோல் பங்கில் நிற்கிற பிள்ளை உங்களைவிட அதிகம் வாங்குகிறான், அவன் கேமராவும் தேயவில்லை. உங்கள் டி750-இன் ஷட்டருக்கு நிக்கான் சொல்லும் ஆயுள் ஒன்றரை லட்சம் கிளிக். கல்யாணத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்று போட்டால் அறுபது கல்யாணம். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள், அதில் ஏற்கெனவே எத்தனை ஓடியிருக்கிறது என்று பாருங்கள்.

சொந்தக்காரர் விஷயத்தில் என் வழக்கம் இதுதான்: நெருங்கிய ரத்த உறவு என்றால் இலவசம், அதுவே என் மொய். மற்ற எல்லாருக்கும் முழு விலை. பாதி விலை என்ற பேச்சே கிடையாது. பாதி விலைக்குப் போனால் அவர்களுக்கும் நன்றி இருக்காது, நமக்கும் ஆத்திரம் தீராது. மொய்யாகச் செய்வதையும் தாளில் எழுதியே கொடுப்பேன்: "மொத்தம் 2,800, அன்பளிப்பு 2,800, கட்ட வேண்டியது 0". அந்தத் தாளை அவர்கள் மற்றவர்களிடம் காட்டும்போது விலையும் சேர்ந்து பரவிவிடும்.

ஸ்டூடியோ_அங்கிள்
சுங்கை சிப்புட் என்றதும் எட்டிப் பார்த்தேன். நானும் பேராக்காரன்தான். சின்னப் பட்டணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். அப்போதெல்லாம் 120 ஃபிலிம், சதுரப் படம் என்றால் ரோலுக்குப் பன்னிரண்டு. ஒரு கல்யாணத்துக்கு ஐந்து ரோலுக்கு மேல் தொட மாட்டோம்.

தம்பி, கோலாலம்பூர் போகாதே. அங்கே உன்னைப் போல ஆயிரம் பேர். இங்கே உனக்கு ஒரு சொத்து இருக்கிறது. எந்தத் தோட்டத்துக் கோயிலில் பூசாரி யார், எந்தக் கிழவியை எப்படிக் கூப்பிட்டால் முகம் மலரும் என்று உனக்குத் தெரியும்.

நிலையான வருமானம் எது என்று கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். பாஸ்போர்ட் படத்தை நம்பாதே. பதிவிலாகா, குடிநுழைவு இரண்டும் கவுண்டரிலேயே எடுத்துவிடுகின்றன. என் கடையில் கடைசிவரை குறையாமல் வந்தது சாவு வீட்டுப் படம். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். கையில் அடையாள அட்டை இருக்கும், இல்லாவிட்டால் பேத்தி கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம். அதில் தாத்தா மூன்றாவது வரிசையில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தெரிவார். அதைப் பெரிதாக்கி, பின்னால் தெரிகிற இன்னொருவர் தோளை அழித்து, கசங்கின டீ சட்டைக்கு மேல் ஒரு கோட்டை ஒட்டி, காலையில் மாலை போடுவதற்குள் கொடுக்க வேண்டும். அந்த மனிதர் வாழ்நாளில் கோட்டே போட்டிருக்க மாட்டார்.

இப்போது எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறது. ஆனால் படம் வாட்ஸ்அப்பில் நாலு பேர் கைமாறி, பிக்சல் உடைந்துதான் கடைக்கு வருகிறது. உயிரோடு இருக்கும்போதே பெரியவர்களை ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைக்க ஆளில்லை. நீ செய். ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி, பின்னால் ஒரு சாம்பல் துணி, அது போதும். சாவுக்கு என்று சொல்லாதே, அடிக்க வருவார்கள். தீபாவளிப் படம் என்று சொல்.

கூலிம்_கிளிக்
நான் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். செய்யாதே தம்பி.

நானும் சில வருஷம் முழுநேரம் ஓடினேன். ஆடி, மார்கழி இரண்டும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் நிறைய வீடுகளில் கிடையாது. நல்ல நாள் என்று வந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாலு பேர் கூப்பிடுவார்கள். ஒன்றைத்தான் எடுக்க முடியும். வருஷத்தில் 52 ஞாயிறு, அதில் இதையெல்லாம் கழித்துப் பார். பாக்கிப் பணத்துக்காக ஒரு வீட்டுக்கு நடையாய் நடந்ததும் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டைக் கேள் என்பார், பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கேள் என்பார்கள். கடைசியில் ஆல்பம் என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இணையத்தில் படம் விற்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனில் பங்கீட்டை மாற்றினார்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்கு 15 விழுக்காடுதான். ஒரு படம் இறங்கினால் பத்து அமெரிக்க காசு கிடைக்கிற நாளும் உண்டு. அதில் ரொட்டி சானாய்க்கு எத்தனை படம் விற்க வேண்டும் என்று நீயே கணக்குப் போடு.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குருவி எடுக்கிறேன். யாரும் திருத்தம் கேட்பதில்லை.

மங்கு_லென்ஸ்
அக்கா, அந்த 4.75 கணக்கை அம்மாவிடம் காட்டவே மாட்டேன்.

அங்கிள் சொன்னது மனத்தில் பதிந்துவிட்டது. எங்கள் தாத்தா படமும் அப்படித்தான், கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ.

கூலிம் அண்ணே, நீங்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் கல்யாணத்தை மட்டும் நம்பினால்தானே ஆடியும் மார்கழியும் அடிக்கும்? பள்ளி வகுப்புப் படம், பாலர் பள்ளிப் பட்டமளிப்பு, தீபாவளிக்கு முறுக்கும் பலகாரமும் விற்கிற அக்காக்களுக்குப் படம் என்று பார்த்தால் இங்கேயே வேலை இருக்கிறது போலத் தெரிகிறது. ஒரு பள்ளியில் பேசினேன். கொட்டேஷன் கொடுங்கள், நிறுவனப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அங்கேதான் முழித்தேன்.

கணக்குப்பிள்ளை
முழிக்க வேண்டியதில்லை. தொழில்களைப் பதிகிற அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம். இணையதளத்தில் உட்கார்ந்த இடத்திலேயே பதியலாம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, தனியாக வணிகப் பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்றிதழ் இருந்தால் வங்கியில் தொழில் கணக்கு திறக்கலாம், பள்ளிக்குக் கொட்டேஷன் கொடுக்கலாம்.

வேலையில் இருந்துகொண்டே பதியலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எஸ்.எஸ்.எம். தடுக்காது. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வருமான வரியில் இனி சம்பளக்காரர்களுக்கான பி.இ. பாரம் கிடையாது, தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரம், ஜூன் 30 வரை தவணை. ரசீதுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். கேமரா வாங்கிய ரசீதையும்தான். வெயிலில் வைத்தால் அந்தத் தாளில் எழுத்து மறைந்துவிடும், ஃபோனில் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் படம் எடுக்கிறவர்தானே.

வேலையை விடும்போது பலர் பார்க்காத ஒரு பள்ளம் இருக்கிறது. ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு போடுகிறார். அது நின்றுவிடும். 3,000 வெள்ளி சம்பளம் என்றால் மாதம் 390 கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சுயதொழில் செய்கிறவர்களுக்கு அதே சேமநிதியில் ஐ-சாரான் திட்டம் உண்டு. நீங்கள் போடுவதற்கு மேல் அரசாங்கமும் கொஞ்சம் போடும், ஆனால் முதலாளி போட்டதற்கு அது ஈடாகாது. விபத்துக் காப்புறுதி தரும் சொக்சோவிலும் சுயதொழில் பாதுகாப்பு இருக்கிறது. காலை நாலு மணிக்கு மோட்டாரில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் போகிறவர் அதை எடுக்காமல் இருக்கக் கூடாது.

கடன் வேண்டுமானால் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசாங்கத்தின் டெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்பூமி திட்டம் இருக்கிறது. ஆனால் லென்ஸ் வாங்கக் கடன் எடுக்காதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து.

இன்னொன்று. நம் நாட்டு 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவைப் பலர் தெரிந்துகொள்வதில்லை. ஒருவர் காசு கொடுத்து உங்களை எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால் உரிமை அவருக்குப் போய்விடும். உங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பிடிக்க நினைத்தால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

லிந்தாங்_ரோடு
கணக்குப்பிள்ளை அண்ணே, 13 விழுக்காடு என்றதும் நானும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டேய் மங்கு, தையில் காசு கொடுத்துவிடுகிறேன்டா. நண்பன் விலை சொல்.

கிள்ளான்_அக்கா
நண்பன் விலை என்று ஒன்று இல்லை என்று இப்போதுதானே எழுதினேன்!

வேலைப் பக்கம் கொஞ்சம் பேசலாம். பேராக்கில் பிரி-வெட்டிங் என்றால் எல்லாரும் ஒன்று கெல்லி கோட்டைக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் காராய் விக்டோரியா பாலம். 1900-இல் கட்டி முடித்த இரும்புப் பாலம், ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் ஓடுகிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் பக்கத்தில் தோட்டம் இருக்கும்போது ஏன் அந்த வரிசை? பிப்ரவரி மாதம் பால்மரம் இலை உதிர்க்கும்போது காடு முழுக்கச் செம்பு நிறம் ஏறி நிற்கும். கோலாலம்பூர் ஜோடிகள் அதைப் பார்த்தால் விமானம் ஏறி வெளிநாடு போக மாட்டார்கள். மேனேஜரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், ஜாகாவிடம் (காவலாளியிடம்) வாய்வார்த்தை போதாது.

செம்பனைக் காட்டில் கவனம். மட்டைக்கு அடியில் விழுகிற வெளிச்சம் பச்சை. முகமெல்லாம் பச்சைப் பயறு மாதிரி ஆகிவிடும், வெள்ளைச் சமநிலையை எவ்வளவு இழுத்தாலும் சேலை நிறம் கெடும். ஜோடியைக் காட்டுக்குள் தள்ளாமல் செம்மண் பாதை ஓரத்தில் நிறுத்துங்கள். சாயங்கால வெயில் அந்த மண்ணில் பட்டு முகத்துக்குத் திரும்பி வரும். இளஞ்சிவப்பாக, கீழேயிருந்து. நம் நிறத்துக்கு அந்த வெளிச்சம் கொடுக்கிற உயிரை எந்த ஃபிளாஷும் கொடுக்காது. மல்லிகைச் சரம் மட்டும் லேசாகப் பழுப்பேறும், அதைப் பிறகு தனியாகச் சரிசெய்துகொள்ளலாம்.

கோயில் மண்டபத்தில் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் கலந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. ஷட்டரை 1/100-இல் வைத்தால் படத்துக்குப் படம் நிறம் மாறாது. தாலி கட்டுகிற நேரத்தில் 1/500-க்கு ஏற்றினால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது இருட்டு. அப்போது கெட்டிமேளத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்ல முடியாது. டி750-இல் இரண்டு கார்டு போடலாம், இரண்டாவதை பேக்கப் என்று வையுங்கள்.

பெண் ஒருவரைக் கூட்டாளியாகத் தேடுங்கள். சடங்கு, வளைகாப்பு, பெண் சேலை கட்டுகிற அறை, இங்கெல்லாம் ஆண் கேமராக்காரன் வாசலோடு சரி. எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி நான் பெண் என்பதால் வருகிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்குக் கூப்பிடாதீர்கள், பங்குக்குக் கூப்பிடுங்கள்.

ஸ்டூடியோ_அங்கிள்
டிரை கேபினெட் வாங்கினாயா? வாங்காவிட்டால் இந்த மாதமே வாங்கு. உள்ளே ஈரப்பதம் நாற்பது ஐம்பதுக்குள் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். லென்ஸைத் தோல் பையில் பூட்டிப் பத்திரமாக வைக்கிறவனுக்குத்தான் முதலில் பிடிக்கும்.

வெட்டுக்காடு
நான் பத்திரிகைக்கும் அமைப்புகளுக்கும் படம் எடுப்பவன். ஒரு விஷயம் விட்டுப்போகிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மங்கு, உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதிலிருந்து மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்த மரத்துக்குப் படம் இருக்கிறது, துரைமாருக்கும் படம் இருக்கிறது. அதே தோட்டங்களில் பெரட்டுக்களத்தில் நின்றவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள், மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் பொறுக்கியவர்கள் யாருக்கும் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைப்பதில்லை. தோட்டம் கைமாறி லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை இடிக்கும்போது கோயிலையும் பெயர்க்கிறார்கள். அங்கிள் சொன்ன பெரியவர்கள் படத்தையும் இதையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒவ்வொரு படத்தோடும் பெயர், தோட்டம், எந்தக் காட்டில் வெட்டினார், எந்த வருஷம் வந்தார் என்று எழுதி வையுங்கள். காசு உடனே வராது. ஆனால் கண்காட்சி, நூல், ஆவணப் பணி என்று வரும்போது உங்களிடம் மட்டும்தான் அது இருக்கும். கல்யாணப் படம் எடுக்க ஆயிரம் பேர் உண்டு.

கூலிம்_கிளிக்
இதுதான் சரி. இதை வேலையை விடாமலே செய்யலாம் என்பதையும் கவனிக்கவும்.

வெட்டுக்காடு
அதை மறுக்க மாட்டேன்.

மங்கு_லென்ஸ்
நேற்று எஸ்.எஸ்.எம்.-இல் பதிந்துவிட்டேன், வணிகப் பெயரில். வேலையை இப்போதைக்கு விடவில்லை. ஷிஃப்ட்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன், ஞாயிறு நிச்சயம் ஓய்வு வருகிற மாதிரி. படத்தில் வருகிற மாத வருமானம், செலவெல்லாம் போக, சம்பளத்தோடு அந்த 13 விழுக்காட்டையும் சேர்த்த தொகையை ஒரு முழு வருஷத்துக்குத் தொட்டால் அப்போது பேசலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். முதலில் ஆடி, மார்கழியில் என்ன வருகிறது என்று காட்டு என்கிறார்.

லிந்தாங் ரோட்டுக்காரனுக்கு எழுதிய கொட்டேஷன் இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"திருமணம் ஒரு நாள், காலை 4.30 முதல் பிற்பகல் 2 வரை. இரண்டு கேமரா. திருத்திய படங்கள் 400, ஆல்பம் ஒன்று. மொத்தம் 2,400 வெள்ளி. நாளை உறுதிசெய்ய 30 விழுக்காடு முன்பணம், திருப்பித் தரப்படாது. பாக்கி ஆல்பம் கொடுக்கும்போது."

கிள்ளான்_அக்கா
கடைசி வரியை மாற்றுங்கள். "பாக்கி திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு." கூலிம் தம்பி வீட்டில் இன்னும் ஒரு ஆல்பம் கிடப்பது அந்த வரியால்தான். ஆல்பம் திருத்தம் இரண்டு தடவைக்கு மேல் என்றால் தனிக் கட்டணம் என்றும் போடுங்கள். பிற்பகல் 2-க்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு என்று எழுதாவிட்டால் டின்னருக்கும் உங்களையே நிற்க வைப்பார்கள். படங்களை உங்கள் பக்கத்தில் போட அனுமதி என்று கணக்குப்பிள்ளை சொன்னது எங்கே?

கணக்குப்பிள்ளை
விலாசமும் பதிவு எண்ணும் மேலே வர வேண்டும். மற்றபடி சரி.

லிந்தாங்_ரோடு
2,400-ஆ! சரிடா, முன்பணம் 720 வெள்ளி இப்போதே அனுப்பினேன், பார். அம்மா கேட்கச் சொன்னார், பாட்டியைத் தனியாக ஒரு படம் எடுப்பாயா? தீபாவளிப் படம்தான், வேறெதுவும் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

மங்கு_லென்ஸ்
காசு வந்துவிட்டது, ரசீது அனுப்புகிறேன். பாட்டியை வருகிற ஞாயிறு ஒன்பது மணிக்கு எடுக்கலாம், உங்கள் வீட்டு முன் ஜன்னலில் அப்போதுதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். கோட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு.